பினாங்கில் ஒரு மலைச்சரிவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பெற்ற அனுபவம்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்புறமுள்ள சரிவில் மரங்களை வெட்டி மண்ணைத் தோண்டத் தொடங்கியபோது, எந்த நிறுவனத்தையும் சாராத செய்தியாளனாகிய நான், அதற்கு என்ன நிபந்தனைகளுடன் அனுமதி தரப்பட்டது என்று தேட முனைந்தேன். 2017இல் தஞ்சோங் பூங்காவில் 11 தொழிலாளர்களையும், 2018இல் புக்கிட் குக்குஸில் 9 பேரையும் மண்சரிவு பலிகொண்ட தீவில் இது வேண்டாத கேள்வியாகாது.

கூட்டரசு அளவில் தகவல் அறியும் சட்டம் இல்லாத நிலையில், பினாங்கு சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றி, 2015இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டமே எனக்கு வழியாயிற்று. நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அது பொருந்தவும் செய்தது. முதலில் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் கட்டணம் செலுத்தி, மேம்பாட்டு நிறுவனத்தின் இயக்குநர், பங்குதாரர் விவரங்களைப் பெற்றேன். நில அலுவலகத் தேடலில் பட்டா யார் பெயரில் உள்ளது, எந்த வங்கியில் அடமானம் என்பன தெரிந்தன.

விண்ணப்பத்தில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. “திட்டம் தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று கேட்டால் மறுப்பது எளிது என்று ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் எச்சரித்ததால், நிலத்தை அடையாளங்காட்டும் லாட் எண்ணைக் குறிப்பிட்டு, திட்டமிடல் அனுமதிக் கடிதத்தையும் அதன் நிபந்தனைகளையும், அத்திட்டம் பற்றி மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவுக்குச் சென்ற குறிப்பையும் தனித்தனியே கேட்டேன். கடிதம் கிடைத்தது, குறிப்பு 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் மறுக்கப்பட்டது. ஓர் ஆவணம் இரகசியமென அதிகாரி சான்றளித்துவிட்டால் நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க இயலாது என்கிறது அச்சட்டத்தின் 16ஏ பிரிவு. கூட்டரசுச் சட்டமாகிய இதை மாநிலச் சட்டம் மீற முடியாதென்பதால், மக்களுக்குக் கிட்டியிருப்பது பாதி உரிமையே என்பது என் உறுதியான கருத்து.

எனினும் கடிதமே போதுமான அளவு பேசியது. மழைநீரில் அடித்துவரும் மண்ணைத் தேக்கும் வண்டல் குட்டையும் வடிகாலும் முடிந்த பிறகே மண் வெட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. குடியிருப்பாளர்கள் தேதியுடன் எடுத்த படங்களில் இரண்டுமே இல்லை. “தம்பி, பேப்பர்ல வருதோ இல்லையோ, அடுத்த மழைக்கு முன்னால யாராவது வந்து பார்க்கட்டும்,” என்றார் கீழ்த்தளத்து அக்கா. நிறுவனத்துக்கும் துறைக்கும் எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பி, பதிலளிக்க அவகாசம் தந்து, வந்த பதில்களை முழுமையாகச் சேர்த்தே கட்டுரையை வெளியிட்டேன். அதன் பிறகு அதிகாரிகள் வந்து பார்த்தனர்; குட்டை தோண்டப்பட்டது.

மறுக்கப்பட்ட குறிப்புக்காக மேல்முறையீடு செய்திருக்கிறேன். முழுமையாகத் தர இயலாவிடில், சரிவின் பாதுகாப்பு பற்றிய பகுதியையேனும் பிரித்துத் தருமாறு அதில் கோரியுள்ளேன்.