பெல்ட், பேரிங் பிராக்டிகல்: கடைசி போல்ட்டை முறுக்கிய பிறகும் அளந்து பாருங்கள்

ஐ.டி.ஐ. தேர்வு ரிசல்ட் வந்தாயிற்று. பிராக்டிகலில் 60 சதவீதத்தைத் தாண்டியவர்கள் ஓசூர் சிப்காட்டில் அப்ரண்டிஸ் இடம் தேடக் கிளம்பிவிட்டார்கள். அடுத்து எழுதப்போகும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ. தம்பி தங்கைகளுக்காக இது. ஃபிட்டருக்கும் மெயின்டனன்ஸ் டிரேடுக்கும் பொருந்தும். தியரி பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, பழைய கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

பெல்ட் டிரைவ் வேலையில் மார்க் போகிற இடம் மோட்டார் பேஸ் போல்ட்தான். பெல்ட்டை மாட்டி, டென்ஷன் வைத்து, நான்கு போல்ட்டையும் ஒரே மூச்சில் இறுக்கிவிட்டு "முடிந்தது சார்" என்று நிற்பவர்கள்தான் அதிகம். முதல் போல்ட்டை முழுதாக இறுக்கியதுமே மோட்டார் லேசாகத் திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புச் சட்டம்) வைத்தால் தெரியும்.

செய்யும் வரிசை:

மெயினை அணைத்து ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். மோட்டாரை முன்னால் தள்ளி, பெல்ட்டைக் கையாலேயே மாட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெல்ட்டுக்குள் இருக்கும் கார்டு (இழைக்கயிறு) அறும், மார்க்கும் போகும். இரண்டு மூன்று பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று தேய்ந்தாலும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

ஸ்ட்ரெயிட் எட்ஜ் இரண்டு புல்லி முகத்திலும் சேர்த்து நான்கு இடத்தில் தொட வேண்டும். ஸ்ட்ரெயிட் எட்ஜ் இல்லையென்றால் நூல் போதும். விளிம்புத் தடிமன் வேறுபட்டால் முகத்தை நம்பாதீர்கள், பள்ளத்தின் நடுவிலிருந்து அளங்கள்.

பிறகு மோட்டாரை நகர்த்தும் ஜாக் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். பெல்ட் புல்லிகளைத் தொடாமல் ஓடும் நீளம் 1000 மி.மீ. என்றால் நடுவில் 16 மி.மீ. அமுங்க வேண்டும், 500 என்றால் 8. எவ்வளவு விசையில் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால், "பெல்ட் செக்‌ஷனும் சின்ன புல்லியின் விட்டமும் பார்த்து, தயாரிப்பாளர் அட்டவணைப்படி" என்று சொல்லுங்கள். கட்டைவிரல் கணக்கைச் சொல்லாதீர்கள்.

இப்போது போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, பாதிப் பாதியாக இறுக்குங்கள். முடிந்ததும் அலைன்மென்ட், அமுக்கம் இரண்டையும் மறுபடி பாருங்கள். கை வேகமான ஆட்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

பேரிங்கில் அடி விழும் வளையம்தான் எல்லாம். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில், ஹவுசிங்கில் ஏற்றும்போது வெளிவளையத்தில். உள்வளைய அளவுக்குப் பைப் துண்டு தேடி எடுத்துக்கொள்ளுங்கள். தவறான வளையத்தில் அடித்தால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் குழி விழும். கையால் சுழற்றும்போது 'கட கட' என்று தெரிவது அதுதான். சூடாக்கி ஏற்றுவதானால் 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவிய பேரிங்கை கம்ப்ரஸர் காற்றில் சுழல விடாதீர்கள். சத்தம் கேட்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய்ப் படலம் இல்லாமல் சுற்றினால் கீறல்தான்.

கிரீஸ் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை. நிறைய வைத்தால் கடைந்து கடைந்து சூடாகும். இரண்டு வகைக் கிரீஸைக் கலக்காதீர்கள்.

வைவாவிலும் சிப்காட் நேர்காணலிலும் வரக்கூடியவை:

6204 எண் பேரிங்கின் துளை? 04-ஐ 5-ஆல் பெருக்கினால் 20 மி.மீ. இந்தக் கணக்கு 04-இலிருந்துதான். 00, 01, 02, 03 என்றால் 10, 12, 15, 17.

ஸ்டார்ட் பண்ணும்போது கீச் சத்தம்? பெல்ட் தளர்வு, அல்லது பக்கம் வழுவழுப்பானது.

மோட்டார் பேரிங் சுடுகிறது? டென்ஷன் அதிகம், அல்லது கிரீஸ் அதிகம்.

மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் முடிந்தால் பெல்ட்டை என்ன செய்வது? தளர்த்தி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் இறுகி நின்றால் வளைவு அப்படியே படிந்துவிடும்.

கிரானைட் பட்டறையில் கிரீஸ் கன் பிடிக்கும் முன்? நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் முனையை) துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்மாவை நாமே பேரிங்குக்குள் ஏற்றுகிறோம்.

2ஆர்எஸ் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ்? எதுவும் வேண்டாம், கிரீஸோடு இரு பக்கமும் சீல் செய்து வந்தது.