ஷன்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெட் டை

நான் வரைவது பெரும்பாலும் மோட்டார் டிரைவ் போர்டுகள், அதாவது மோட்டாரை ஓட்டும் சர்க்யூட் போர்டுகள். எந்தப் போர்டை எடுத்தாலும், பெயர் வேறான இரண்டு நெட்டுகள் (ஒன்றோடொன்று இணைந்த புள்ளிகளின் கூட்டம்தான் நெட்) ஒரே ஒரு இடத்தில் செம்பால் சேர வேண்டிய தேவை வந்துவிடும். மின்சுற்றுப்படி அவை ஒன்றுதான். ஆனால் எந்த இடத்தில் சேர்கின்றன என்பதுதான் போர்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்கும் விஷயம் இது. எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஷன்ட்டிலிருந்து தொடங்குகிறேன், மின்னோட்டத்தை அளக்க வைக்கும் சிறிய மின்தடை அது. மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் லைனில் 1 மில்லி ஓம் ஷன்ட் ஒன்றை வைக்கிறோம். அதன் இரு முனைகளிலிருந்தும் ஐஎன்ஏ240 மாதிரியான ஒரு ஆம்ப்ளிஃபையருக்கு மெல்லிய டிரேஸ்கள் (செம்புக் கோடுகள்) போக வேண்டும். 10 ஆம்பியர் ஓடினால் கிடைப்பது 10 மில்லி வோல்ட், அவ்வளவுதான். ஒரு அவுன்ஸ் செம்பு என்றால் 35 மைக்ரான் தடிமன். அதில் ஒரு சதுரத்தின் மின்தடை, சதுரம் பெரிதானாலும் சிறிதானாலும், ஏறக்குறைய அரை மில்லி ஓம். அளவீட்டுக்குப் போகும் அந்தச் சென்ஸ் டிரேஸ் ஷன்ட்டின் பேடிலேயே (பாகத்தின் காலைச் சாலிடர் செய்யும் செம்புத் திட்டிலேயே) தொடங்காமல், மின்னோட்டம் வரும் பாதையில் அரைச் சதுரம் தள்ளித் தொடங்கினால் போதும், கால் மில்லி ஓம் கூடிவிடும். அளவீட்டில் 25 சதவீதம் பிழை. காலிபிரேட் செய்து சரிக்கட்டிவிடலாம் என்று சொல்வார்கள். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். போர்டு 50 டிகிரி சூடானால் அந்தக் கால் மில்லி ஓம் 0.3-ஐ எட்டிவிடும். குளிர்ந்த நிலையில் சரிக்கட்டிய டிரைவ், சூடானதும் நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

போர்டு வரையும் சாஃப்ட்வேருக்கு இது எதுவும் தெரியாது. ஸ்கீமேட்டிக்கில் (மின்சுற்று வரைபடத்தில்) ஷன்ட்டின் ஒரே காலில் ஃபேஸ் லைனும் சென்ஸ் லைனும் சேர்ந்தால் இரண்டும் ஒரே நெட். போர்டில் செம்பை வரையும் லேஅவுட்டில் ஃபேஸ் நெட்டுக்குப் பெரிய பாலிகன் (செம்புப் பரப்பு) ஒன்றை நிரப்பினால், அது சென்ஸ் டிரேஸையும் சேர்த்து விழுங்கிவிடும். லேஅவுட்டின் விதிகளைச் சரிபார்க்கும் டிஆர்சி வாயே திறக்காது, அதன் கணக்கில் தப்பு எதுவும் நடக்கவில்லை.

இரண்டு பெயர் வைத்தால் தீராதா? தீராது. கிகேட் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் ஒரே ஒயரில் இரண்டு லேபிள் போட்டால் ஸ்கீமேட்டிக்கைச் சரிபார்க்கும் ஈஆர்சி எச்சரிக்கும், நெட்லிஸ்ட்டில் (நெட்டுகளின் பட்டியலில்) ஒரு பெயர்தான் மிஞ்சும். நடுவில் ஒரு பாகம் இருந்தால்தான் நெட் இரண்டாகப் பிரியும். அந்தப் பாகம்தான் நெட் டை. கடையில் வாங்கும் பொருள் இல்லை, வெறும் செம்பு. ஸ்கீமேட்டிக்கில் அதற்கு ஒரு சிம்பல் உண்டு, போர்டில் ஒரு ஃபுட்பிரிண்ட் (பேடுகளின் அமைப்பு) உண்டு. எங்கே வைக்கிறோமோ அங்கே மட்டும்தான் இரண்டு நெட்டும் தொடும். அதை ஷன்ட் பேடின் உள்விளிம்பில் வைத்துவிட்டால், மற்ற எல்லா இடத்திலும் பாலிகன் சென்ஸ் டிரேஸிலிருந்து விலகியே நிற்கும், டிஆர்சியே அதற்குக் காவல். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: நம் மனதில் மட்டும் இருந்த விதி ஃபைலுக்குள் வந்துவிடுகிறது.

கிகேட் 6-ல் ஃபுட்பிரிண்ட்டின் கீவேர்ட்ஸ் வரியில் நெட் டை என்று எழுதியிருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் டிஆர்சி விட்டுவிடும். 2023 பிப்ரவரியில் வந்த 7-ம் பதிப்பிலிருந்து எந்தப் பேடோடு எந்தப் பேடு ஒட்டலாம் என்று ஃபுட்பிரிண்ட்டிலேயே குழு குழுவாகக் குறிக்கலாம். இது பெரிய வசதி. ஷன்ட்டுக்கே நான்கு பேடு உள்ள ஃபுட்பிரிண்ட் ஒன்றை வரைந்து, ஒரு பக்கத்து இரண்டு பேடுகளை ஒரு குழுவாகவும் மறுபக்கத்து இரண்டை இன்னொரு குழுவாகவும் போட்டால் தனி நெட் டையே வேண்டாம். இப்போது நான் செய்வது இப்படித்தான். அல்டியம் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் பாகத்தின் வகையையே நெட் டை என்று தேர்ந்தெடுக்கலாம்.

அப்புறம் கிரவுண்ட். ஜிஎன்டி (பொதுக் கிரவுண்ட்), ஏஜிஎன்டி (அனலாக் கிரவுண்ட்) என்று கிரவுண்டின் பெரிய செம்புப் பரப்பான பிளேனைப் பிளப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பிளவைத் தாண்டி ஒரு டிரேஸ் போனாலும், அதன் திரும்பு மின்னோட்டம் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசிக்கு அடியில் ஒரே ஒரு நெட் டை. சிலர் அங்கே ஜீரோ ஓம் ரெசிஸ்டர் வைப்பார்கள். பிறகு கழற்றிப் பார்த்துச் சோதிக்க அது உதவும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஜீரோ என்று பெயரே தவிர, அதற்கு 50 மில்லி ஓம் வரை இருக்கலாம். 2 ஆம்பியர் அதன் வழியே திரும்பினால் இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே 100 மில்லி வோல்ட்.

நான் அறவே ஏற்காத ஒரு வழி இருக்கிறது. பேடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிட்டு, வரும் டிஆர்சி பிழையை அப்ரூவ் செய்துவிட்டுப் போவது. ஈகிள் என்ற சாஃப்ட்வேரில் வரைந்த பழைய போர்டு ஒன்று இப்படி எங்கள் கைக்கு வந்தது. அப்ரூவ் செய்த பிழைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. அதில் எது வேண்டுமென்றே விட்டது, எது கவனிக்காமல் விட்டது என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொன்றாக ஸ்கீமேட்டிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. நெட் டை வைத்திருந்தால் அதன் பெயரே பதில் சொல்லியிருக்கும்.

ஃபேப்ரிகேஷனுக்கு அனுப்பும்போது இன்னொன்று. கெர்பரோடு (செம்பு லேயர்களின் படக் கோப்புகளோடு) ஐபிசி-டி-356 நெட்லிஸ்ட்டும் கொடுத்தால், போர்டு தயாரிப்பவர்கள் இரண்டையும் ஒப்பிடுவார்கள். நெட்லிஸ்ட்டில் இரண்டு நெட், செம்பில் ஒன்று. ஷார்ட் என்று காட்டும், வேலை நின்று மெயில் வரும். கேட்பது நியாயமான கேள்வி. அதனால் ஃபேப் குறிப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: எந்த நெட் டை, எந்த இரண்டு நெட், எந்த லேயர், வேண்டுமென்றே சேர்த்தது என்று. கூடவே அந்த இடத்தைப் பெரிதாக்கி ஒரு ஸ்கிரீன்ஷாட்.