தோட்டத்து வீட்டுக்கு டியூபுலரா, லித்தியமா?

கரண்ட் கம்பம் எட்டாத தோட்டத்து வீடு. சோலார் கரண்டைச் சேமிக்க பேட்டரி வாங்க வேண்டும்: வழக்கமான டியூபுலரா (லெட் ஆசிட் பேட்டரி), லித்தியமா? குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, ஐந்து பல்பு, சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு ரூட்டர். கடையில் எடுத்த எடுப்பில் "எத்தனை ஏஎச் வேணும்?" என்பார்கள். ஏஎச்சை (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) விடுங்கள், யூனிட்டில் கணக்குப் போடுங்கள். ஃபேன் இரண்டும் 30 வாட் வீதம் பத்து மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். பல்புகளுக்கு 0.2, ஃப்ரிட்ஜுக்கு ஏறக்குறைய 0.8, ரூட்டருக்கு 0.24. இன்வெர்ட்டர் தானே தின்பதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். சும்மா கிடந்தாலே 25 வாட் என்றால் நாளுக்கு 0.6. டிசியை ஏசியாக்குவதில் போகும் இழப்பும் சேர்ந்தால் 2.7 யூனிட்.

12 வோல்ட் 150 ஏஎச் டியூபுலர் நான்கைத் தொடராக இணைத்து 48 வோல்ட்டாக வைத்தால் ஏட்டில் 7.2 யூனிட். ஆயுள் வேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, ஆக கைக்கு வருவது 3.6. லித்தியத்தில் 51.2 வோல்ட் 100 ஏஎச் பேக் ஒன்றே போதும்: 5.12 யூனிட், எண்பது சதவீதம் எடுத்தாலும் 4.1.

ஆனால் டியூபுலரைக் கொல்வது ஐப்பசி கார்த்திகை அடைமழைதான். நாலைந்து நாள் பேட்டரி அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினாலும் பழைய பலம் திரும்பாது. லித்தியம் அரைகுறையாகக் கிடப்பதைப் பொருட்படுத்தாது. கேட்டு வாங்க வேண்டியது வெறும் லித்தியம் அயான் அல்ல, லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (சுருக்கமாக எல்எஃப்பி). 'அயான்', 'அயர்ன்' இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். பில்லில் எல்எஃப்பி என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.

லித்தியம் வாங்கியும் கெடுப்பது செட்டிங். பழைய இன்வெர்ட்டரின் ஈக்வலைஸ் (டியூபுலருக்காக அவ்வப்போது கூடுதல் வோல்ட்டில் ஏற்றும் சார்ஜ்) 60 வோல்ட்டைத் தாண்டும். 58.4 வந்ததுமே பிஎம்எஸ் (பேக்குக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) கதவைச் சாத்திவிடும். சார்ஜ் ஓடும்போது இணைப்பு அறுந்தால் வோல்டேஜ் எகிறி இன்வெர்ட்டர் போர்டே போகலாம். ஈக்வலைஸை அணைத்து, சார்ஜை 56 வோல்ட், ஃப்ளோட்டை (நிரம்பிய பின் தாங்கிப் பிடிக்கும் வோல்டேஜ்) 54 என்று வையுங்கள். பேட்டரி இறங்கும்போது இன்வெர்ட்டர் அணையும் லோ கட் வோல்டேஜும் முக்கியம்: டியூபுலருக்கான 42ஐ 48 ஆக்குங்கள். இன்வெர்ட்டருக்கு முன்பே பிஎம்எஸ் முந்திக்கொண்டு அணைந்தால், பேட்டரியே இல்லை என்று நினைத்துப் பல சோலார் கன்ட்ரோலர்கள் மறுநாள் வெயிலிலும் எழாது.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு அடிக்குள் டிசி ஃபியூஸ் போடுங்கள். வீட்டு ஏசி எம்சிபி உதவாது, டிசியில் பொறி அணையாமல் அதையே எரித்துவிடும். தகரக் கொட்டகைக்குள் எந்த பேட்டரியையும் வைக்காதீர்கள்.

லித்தியம் பேக்கை வாங்கும்போதே தராசில் ஏற்றுங்கள். 100 ஏஎச் செல் ஒன்று சுமார் இரண்டு கிலோ, பேக்கில் பதினாறு. பெட்டி, பிஎம்எஸ் எல்லாம் சேர்ந்தும் முப்பது கிலோவைத் தொடவில்லை என்றால் உள்ளே செல் குறைவு. பொருத்தியதும் முழுச் சார்ஜில் 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை 200 லிட்டர் டிரம்மில் போட்டு ஓட்டிப் பாருங்கள். நாலரை மணி நேரம் தாங்க வேண்டும். மூன்றிலேயே படுத்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.