மெஷினை விட்டு விலகிய நாட்கள்

பிப்ரவரி 3
ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் வரிசையாகக் கேட்டார். பீடி, சிகரெட் உண்டா? வீட்டில் யாருக்காவது டிபி? புறா வளர்க்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை. என்ன வேலை? கம்பெனி வேலை என்றதும் எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். இரண்டு நுரையீரலிலும் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஒரு மங்கல்.

பிப்ரவரி 4
ராத்திரி முழுக்க வறட்டு இருமல்.

பிப்ரவரி 6
சளியில் டிபி கிருமி இல்லை. சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. டிபி என்றால் மருந்தாவது தெளிவாக இருக்கும். இப்போது சார்க்காய்டோசிஸாக இருக்கலாம் என்கிறார்கள். காரணம் தெரியாத நோயாம். அப்படிச் சொல்வதற்கு முன்னால் என் வேலைச் சட்டையை யாராவது மோந்து பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 7
என் சாணை மெஷினில் இப்போது யார் நிற்கிறார்கள்?

பிப்ரவரி 9
படித்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் சாணை பிடிப்பது உலோகம் வெட்டும் கார்பைடு டூல். டங்ஸ்டன் கார்பைடு துகள்களை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது கோபால்ட் என்ற உலோகம். சூடு தணிக்கும் கூலன்ட் திரவம் ஓடினால் தூசி பறக்காது, பயமில்லை என்பதுதான் பட்டறையில் எல்லோருடைய நம்பிக்கையும். ஆனால் கோபால்ட் கூலன்டில் கரைகிறது. அதே கூலன்ட் தொட்டிக்குப் போய், மறுபடி மேலே ஏறி, சக்கரம் சுற்றும் வேகத்தில் மூஞ்சிக்கு நேராகப் புகையாய்க் கிளம்புகிறது. தூசி கண்ணில் பட்டாலாவது திரும்பிக்கொள்ளலாம். தொட்டியின் அடியில் சாம்பல் நிறச் சேறு தங்கும். விரலிடுக்கில் தேய்த்தால் ஒரு நெருடல்கூட இருக்காது, அவ்வளவு நைஸ். அதை அள்ளிக் கொட்டிவிட்டு, மெஷினில் காய்ந்து கிடப்பதை ஏர் அடித்து ஊதுவோம். மாஸ்க்? துணி.

லீவு விட்டால் இருமல் அடங்கும், வேலைக்குப் போனால் பிடித்துக்கொள்ளும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 10
சார்க்காய்டோசிஸ் என்று அனுப்பப்பட்ட சிலருக்கு இருந்தது பெரிலியம் என்ற உலோகத்தால் வரும் நோய் என்று பிறகு தெரிந்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுதான். ரத்த அணுக்கள் பெரிலியத்தைக் கண்டால் பெருகுகின்றனவா என்று பார்க்கும் தனி டெஸ்ட்தான் பிரித்துச் சொல்லும். அமெரிக்காவில் ட்யூப்லைட் தொழிற்சாலை ஆட்களுக்கு இது வந்ததை ஹாரியட் ஹார்டி என்ற டாக்டர் 1946-லேயே எழுதிவிட்டார். அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்ற வரம்பை 0.2 ஆக்கிய விதி வந்தது 2017-ல். அதுவரை 1.5-ல் மூச்சு விட்டவன் கணக்குப்படி பத்திரமாக இருந்தான்!

எங்களிடம் பெரிலியம் கிடையாது. இருந்தாலும் மனசு அங்கேயே நிற்கிறது.

பிப்ரவரி 12
மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கை கொடுக்க வந்தவளிடம் எரிந்து விழுந்தேன்.

பிப்ரவரி 13
பட்டறை அண்ணன் போன் செய்தார். "உனக்கு முன்னாடியிலேர்ந்து நிக்கிறேன்டா, எனக்கு ஒண்ணும் ஆகலையே. சோறு போட்ட மெஷினைக் குத்தம் சொல்லாத." அவருக்கு வரவில்லை, வாஸ்தவம். ஒரே காற்றுதான், சில உடம்புதான் அதோடு சண்டைக்குப் போகிறது.

"என் மெஷின்ல யாருண்ணே?"

"புதுப் பையன். 20 வயசு. நல்லா ஓட்டுறான்."

பிப்ரவரி 16
பிராங்கோஸ்கோபி. தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, குழாயை உள்ளே விட்டு, உப்புத் தண்ணீரைச் செலுத்தி உறிஞ்சினார்கள். முழிப்பாகவே இருந்தேன், முங்குகிற மாதிரி இருந்தது. கார்பைடு, கோபால்ட், கூலன்ட், ஏர் அடிப்பது எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். இன்று இருந்தது வேறு டாக்டரம்மா. நின்று படித்தார். பைலில் வைத்தார். கூலன்ட் டப்பாவோடு வரும் விவரத்தாள் கிடைக்குமா என்றார்.

பிப்ரவரி 17
சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?"

பிப்ரவரி 20
உறிஞ்சிய நீரில் ராட்சத செல்கள். பக்கத்துச் செல்லை முழுசாக விழுங்கி வயிற்றில் வைத்திருக்கிறது ஒன்று, படத்தில் காட்டினார். கோபால்ட்டுக்கு இது ரொம்பப் பொருந்துகிறதாம். ஸ்டீராய்டு தருகிறார். அதற்கும் மேலே, அந்த மெஷின் பக்கமே போகக் கூடாது. எனக்கு வேறு வேலை தெரியாது, டாக்டரம்மா.

பிப்ரவரி 21
மாத்திரை ஆரம்பம். ராத்திரி 2 மணிக்கு அகோரப் பசி. பையனுடைய நம்பரை அண்ணனிடம் கேட்டேன். பார்த்துவிட்டார், அனுப்பவில்லை.

பிப்ரவரி 22
அனுப்பிவிட்டார். ஏர் அடிக்காதே என்பதை முதலில் சொல்லணும். கேட்பானா, அந்த வயசில்