நின்னுச்சா?

2023 டிசம்பர் 11, திங்கள்

ஹெவி, அதான் ஸ்பேஸ்எக்ஸோட பெரிய ராக்கெட்டு ஃபால்கன் ஹெவி, இன்னிக்கும் போகல. தரைப்பக்கம் ஏதோ கோளாறாம். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், பையனோட ஸ்வெட்டர் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி இருட்டுல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு அப்படியே திரும்பி வந்தாச்சு. பையன் கார்லயே தூங்கிட்டான்.

மெயில் வரல.

டிசம்பர் 12

மெயில் வரல.

டிசம்பர் 14

அப்பா இன்னிக்கு கம்பிய பிடிச்சுகிட்டு ரெண்டு நிமிஷம் நின்னாராம். அண்ணன் சொல்றான். வீடியோ எடுத்து அனுப்புடான்னா "நல்லாதான் இருக்காரு, விடு"ங்குறான். நல்லா இருக்காருன்னா வீடியோ எடுக்க என்ன கேடு? போன மாசம் விழுந்ததையே மூணு நாள் கழிச்சுதான் எனக்கு சொன்னாங்க, அதுவும் நானா கேட்டதுக்கு அப்புறம், வீடியோ கால்ல பின்னாடி சுவரு மாறியிருக்கேன்னு.

டிசம்பர் 17, ஞாயிறு

ராத்திரி முழுக்க புயல்காத்து, மழை. பால்கனி கதவு தடதடன்னு ஆடிகிட்டே இருந்துச்சு, தூங்கல. தூங்காம என்ன பண்றது, அந்த வெப்சைட்ட திறந்து கேஸ் நம்பர போட்டு பாத்தேன். மூணு தடவை. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் மூணு மணிக்கு எந்த ஆபீசர் உக்காந்து என் பேப்பர்ல கையெழுத்து போடுவான்னு எனக்கே தெரியும், இருந்தாலும் விரல் சும்மா இருக்காது. அதே வரி. அதே தேதி. அந்தப் பேப்பர் வராம நான் ஊருக்குக் கிளம்பினா திரும்பி அமெரிக்காக்குள்ள வர்றது கஷ்டம். இவர் "கொஞ்சம் பொறு"ன்னு சொல்லியே ஏழு வாரம் ஆச்சு. கொஞ்சம்னா எவ்வளவுங்க?

டிசம்பர் 19

நேத்து ராத்திரி 11 மணிக்கு ஒரு ராக்கெட்டு போச்சு. எழுந்துகூட போகல, ஜன்னல் அதிர்ந்தப்ப படுக்கையிலயே "ஓ"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு திரும்பிப் படுத்துட்டேன். அதோட பூஸ்டர், அதான் மேல தூக்கி விட்டுட்டு திரும்பி வந்து இறங்குற அடிப்பாகம், நம்பர் 1081, மூணாவது தடவைதான் போகுது, சின்னப் பய. அது நம்ம ஆளு இல்ல.

நம்ம ஆளு 1058. பெருசுன்னு அப்பா வெச்ச பேரு. 2020 மே 30, சனிக்கிழமை மத்தியானம் 3:22. டக் ஹர்லி, பாப் பென்கன்னு விண்வெளி வீரர்கள் ரெண்டு பேரு டிராகன் விண்கலத்துல ஏறி உக்காந்தாங்களே, அதை தூக்கிட்டுப் போன பூஸ்டர். அப்ப கொரோனா, வீட்ல இருந்தே பாருங்கன்னு கெஞ்சினாங்க, ஆனா ஆத்தங்கரை முழுக்க கூட்டம், எல்லார் மூஞ்சியிலயும் மாஸ்க். பையனுக்கு மூணு வயசு, தோள்ல உக்காந்து என் முடிய பிடிச்சு இழுத்துகிட்டே இருந்தான். அப்பாவுக்கு அங்க நடுராத்திரி ஒரு மணி ஆகப்போவுது, போன்ல லைன்லயே இருந்தாரு, நான் பேசாம போன வானத்து பக்கம் திருப்பி பிடிச்சுகிட்டேன். எட்டு ஒம்பது நிமிஷம் கழிச்சு அவர் கேட்ட மொத கேள்வி ஆளுங்க பத்திரமான்னு இல்ல. "கீழ வந்தது நின்னுச்சா?"

அன்னைக்கே ஒரு பழைய டைரில கோடு போட்டாரு. தேதி, எதை தூக்கிட்டு போச்சு, கடைசி பத்தில "நின்னுச்சா?" அதுல டிக். ஜூலை 20 அதே பூஸ்டர் கொரியா சேட்டலைட்ட தூக்கிட்டு போனப்ப ரெண்டாவது டிக். நடுவுல 51 நாள். அட்லாண்டிஸ் ஷட்டில் 1985ல 54 நாள்ல திரும்பப் போனதுதான் அதுவரைக்கும் ரெக்கார்டு, 35 வருஷ ரெக்கார்ட பெருசு உடைச்சிடுச்சுன்னு அன்னிக்கு எனக்கு மூணு தடவை போன் பண்ணாரு. 2021 ஜனவரில ஒரே தடவைல 143 சேட்டலைட்டு. இப்ப வரைக்கும் 18 டிக். பெருசோட உடம்புல நாசான்னு சிவப்பு எழுத்து இருந்துச்சு, இப்ப புகை படிஞ்சு படிஞ்சு உத்துப் பாத்தாதான் தெரியும். கழுவுறதே இல்ல அதை.

19வது இந்த வாரம்.

டிசம்பர் 21

மெயில் வரல. விடுமுறை வந்துடுச்சு, இனிமே ஜனவரி வரைக்கும் வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும்னா இவரும் ஆபீஸ்ல ஒருத்தியும்.

டிசம்பர் 23, சனி, விடியக்காலம்

தூக்கம் வரல, அதனால எழுதிடறேன். 12:33க்கு போச்சு. கோக்கோ பீச் மணல்ல நானும் பையனும் மட்டும், தள்ளி ஒரு ஜோடி, ட்ரைபாடோட ஒரு பெரியவர். வடக்கால மொதல்ல வானம் ஆரஞ்சா விடிஞ்சுச்சு, அப்புறம் அந்தப் பொறி மேல எழும்புச்சு, சத்தம் மட்டும் வரல. வரவே வராதோன்னு தோணும் ஒவ்வொரு தடவையும். ஒரு நிமிஷம் கழிச்சுதான் வந்துச்சு, மொதல்ல மணலுக்குள்ள இருந்து, அப்புறம் நெஞ்சுக்குள்ள. பையன் என் சட்டைய பிடிச்சுகிட்டான், அவன் பிடிக்கலன்னு நாளைக்கு சொல்லுவான்.

அங்க காலை 11 மணி. அண்ணன் அப்பாவ தலகாணி வெச்சு நிமித்தி உக்கார வெச்சிருந்தான். ரெண்டரை நிமிஷத்துல பிரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, போன் ஸ்கிரீன்தான். நடுவுல எஞ்சின் எரிய வெச்சு வேகத்தக் குறைச்சு, டைட்டானியம் ரெக்கை நாலும் திரும்பி திரும்பி நேராக்கி, கடைசில நடு எஞ்சின் ஒண்ண மட்டும் எரிச்சுகிட்டு இறங்கும். கடல்ல ஜஸ்ட் ரீட் தி இன்ஸ்ட்ரக்ஷன்ஸ், அதான் அந்த மேடைக் கப்பலோட பேரு, ஆளே இல்லாம காத்துகிட்டு நிக்கும். கால் நாலும் விரிஞ்சுச்சு. புகை. புகை விலகுச்சு.

"நின்னுச்சா?" குரலு ரொம்ப சன்னமா இருந்துச்சு, எனக்கு மொதல்ல யாருன்னே புரியல.

நின்னுச்சுப்பா. 19.

அண்ணன்தான் டிக் போட்டானாம். அப்பாவுக்கு கை நடுங்குதாம். இதை அவன் சொல்லல, பின்னாடி அண்ணி சொன்னது கேட்டுச்சு.

டிசம்பர் 24

மேடைக் கப்பல் திரும்பிட்டு இருக்கு. பஹாமாஸ் பக்கத்துல இருந்து இழுத்துட்டு வரணும், ரெண்டு மூணு நாள் ஆகும். பெருசு கரைக்கு வர்றத ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும்னு மூணு வருஷமா நெனைக்கிறேன், ஒண்ணு வேலை இருக்கும், இல்ல பையனுக்கு காய்ச்சலா இருக்கும். இந்த தடவை விடப்போறதில்ல. பையன்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.

இவர்தான் கேட்டாரு, அவ்ளோ உசரமா இருக்கே, கப்பல் ஆடினா விழுந்துடாதான்னு. விழாதுங்க, எஞ்சின் ஒம்பதும் அடில இருக்கு, டேங்க் காலி, கனம் எல்லாம் கீழதான்னேன். அதுக்கு மேல ஒரு ரோபோ இருக்கு, ஆக்டாகிராபர், டேங்கு வண்டி மாதிரி பெல்ட்டுல ஊர்ந்து போய் அடில நுழைஞ்சு பிடிச்சுக்கும், மனுஷன் கிட்ட போகவே வேணாம்னு பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். 2016ல தாய்காம் ஏவினப்ப ஒண்ணு காலு அமுங்கி சாஞ்சுகிட்டே வந்துச்சு, அப்படியே சாஞ்சபடி துறைமுகத்துக்குள்ள வந்து சேந்துச்சு, அது 2018ல ஹெவியோட பக்கவாட்டு பூஸ்டரா மறுபடி பறக்கவும் செஞ்சுச்சு தெரியுமான்னு. இவர் டிவி பாத்துட்டு இருந்தாரு.

டிசம்பர் 25

காத்து. காத்து. காத்து.

டிசம்பர் 26, செவ்வாய்

விழுந்துடுச்சு.

காலைல பல்லு விளக்கிட்டே போன பாத்தேன். கரைக்கு கொண்டு வர்ற வழில, பலமான காத்துலயும் அலையிலயும் மேடை மேலயே சாஞ்சு விழுந்துடுச்சுன்னு ஸ்பேஸ்எக்ஸே போட்டிருக்காங்க. புது பூஸ்டருக்கெல்லாம் தானா மட்டம் பாத்துக்குற காலு இருக்காம், அது இருந்தா இந்த மாதிரி ஆகாதாம். பெருசுக்கு பழைய காலு. அங்க ராக்கெட் ஏவுறதை பாத்துக்குற கிகோ டோன்செவ் எழுதியிருக்காரு, ரோபோ முழுசா பிடிக்கல, பாதி பிடிச்சபடிதான் இருந்துச்சு, அதுதான் விட்டுடுச்சுன்னு. வீட்டுக்கு நூறு மைல்கூட இல்லாத இடத்துலயாம். நூறு மைல்!

19 தடவை விண்வெளி விளிம்பு வரைக்கும் போயி நெருப்புல இறங்கி ஆடுற மேடைல நின்னுச்சு. எல்லாம் முடிஞ்சு, எஞ்சின் அணைஞ்சு, சும்மா நின்னுகிட்டு வரும்போது. நேத்து ராத்திரி அந்தக் காத்துல நான் பால்கனி கதவுக்கு துணி அடைச்சிட்டு இருந்தேன்.

கோபமா வருது, யார் மேலன்னு தெரியல. வயசாயிடுச்சுன்னு அதுக்கு மட்டும் புதுக் காலு மாட்டல, சரி, கணக்கு பாத்தா நியாயமாத்தான் இருக்கும். பிடிச்சிருந்த ஒண்ணு சரியா பிடிச்சிருந்தா? இதையே காலைல இருந்து சுத்தி சுத்தி நெனைச்சுகிட்டு இருக்கேன். சாம்பார் அடி பிடிச்சுடுச்சு.

அண்ணன் மெசேஜ்: "அப்பாட்ட சொல்லாத. பிபி ஏறும்."

நம்ம வீட்ல எல்லாருக்கும் ஒரே மருந்துதான், சொல்லாத.

டிசம்பர் 27

கரைக்கு வந்ததை பாக்கல. நேத்து அழுதுட்டு படுத்துட்டேன், பையனும் நச்சரிக்கல. இன்னிக்கு போர்ட் கேனவெரலுக்கு போனோம். கால்வாய்க்கு இந்தப் பக்கம் நின்னு பைனாகுலர்ல பாத்தா தெரியுது. ஒரு நிமிஷம் எனக்கு எதைப் பாக்கணும்னே புரியல, கண்ணு மேல மேல போகுது, பழக்கதோஷம், பதினைஞ்சு மாடி உசரத்துக்கு. அங்க வெறும் வானம். ஒரு பெலிகன் போகுது.

கீழதான் கிடக்கு. எஞ்சின் பக்கம் மட்டும். டேங்க் கிழிஞ்ச இடம் தகர டப்பாவ கத்தியால திறந்த மாதிரி பல்லு பல்லா. கரி அப்பிய உலோகம், அதுக்குள்ள வெள்ளையா புது முறிவு, அது மட்டும் வெயில்ல பளபளன்னு. சிவப்பு எழுத்து இருந்த பாகத்தை காணோம், கடலுக்குள்ள போயிருக்கும். பக்கத்துல நின்னவங்க யாரும் பேசிக்கல. அன்னிக்கு பீச்ல ட்ரைபாடோட இருந்த பெரியவரும் வந்திருந்தாரு, படம் எடுக்கல, தொப்பிய மட்டும் கழட்டி கையில வெச்சிருந்தாரு.

பூஸ்டரையும் ராக்கெட் நுனிக் கூம்பையும் எடுத்துட்டு வர்ற கப்பல் ரெண்டுக்கும் பாப், டக்னுதான் பேரு. பெருசு தூக்கிட்டுப் போன அதே ரெண்டு பேரு. இதை அப்பாகிட்ட எப்பவோ சொன்னப்ப எவ்ளோ சிரிச்சாரு.

பையன் கேட்டான், "தாத்தாகிட்ட யாரு சொல்லப் போறா?"

டிசம்பர் 28, வியாழன்

ஒரே ராத்திரில ரெண்டு. 8:07க்கு ஹெவி, ஒருவழியா. மேல எக்ஸ்-37பி, ஆளில்லாத குட்டி ஷட்டில், அதோட ஏழாவது பயணம். பக்கவாட்டு பூஸ்டர் ரெண்டும் திரும்பி கரையிலயே இறங்குச்சு, இடி மாதிரி சத்தம் அடுக்கடுக்கா, கார் அலாரமெல்லாம் கத்துது. இது ரெண்டும் நின்னதுல எனக்கு சந்தோஷமே வரல, ஏதோ துரோகம் மாதிரி.

மூணு மணி நேரம்கூட ஆகல, 11:01க்கு இன்னொண்ணு. 1069. இதோட கதை இன்னிக்குதான் எனக்கு முழுசா தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி, 2021 டிசம்பர்ல, இதே கிறிஸ்துமஸ் சமயம், மொத தடவை போயிட்டு வந்தப்ப இதுவும் மேடைல பயங்கரமா ஆடி, ரோபோவையும் உடைச்சு எஞ்சினையும் நசுக்கிட்டுதான் கரைக்கு வந்துச்சு. அதை பாத்துட்டுதான் அந்த மட்டம் பாக்குற காலையே யோசிச்சாங்களாம். அடிபட்டது 12வது தடவையா மேல போகுது. நான் பால்கனில நின்னு பாத்தேன். நல்லா இரு.

டிசம்பர் 29

அப்பாகிட்ட பேசினேன். அண்ணன் பக்கத்துல நின்னு கண்ணால சைகை காட்டிகிட்டே இருந்தான், வேணாம் வேணாம்னு. நான் ஹெவி பத்தி வளவளன்னு பேசிட்டு இருந்தேன். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "பெருசு விழுந்துடுச்சாமே"ன்னாரு.

மூணு நாளா அவருக்குத் தெரியும். நர்ஸ் பொண்ணோட போன்ல பாத்தாராம். எங்க ரெண்டு பேருக்கும் கஷ்டமா இருக்கும்னு அவர் சொல்லல.

டிக்க அடிச்சிடவாப்பான்னு அண்ணன் கேட்டான், லூசு. "எதுக்குடா? நின்னுச்சுல்ல. அப்புறம்தான விழுந்துச்சு. அது வேற பத்தி"ன்னாரு. 860 சேட்டலைட்டுக்கு மேல, 260 டன்னுக்கு மேல தூக்கிட்டு போயிருக்குன்னு நான் சொன்னதை மட்டும் எழுதிக்க சொன்னாரு. எஞ்சினை எல்லாம் கழட்டி எடுப்பாங்களாமே, ஒம்பதுல எத்தனை தேறும்னு கேட்டாரு. ஃபால்கனை பாத்துக்குற ஜான் எட்வர்ட்ஸ் அப்படித்தான் சொல்லியிருக்காரு, இன்னும் நிறைய மதிப்பு இருக்குன்னு. எத்தனைன்னு பாத்து சொல்றேன்பான்னேன்.

நீங்க எத்தனை அடி நடந்தீங்கன்னு கேட்டேன். போனை அண்ணன்கிட்ட குடுத்துட்டாரு.

டிசம்பர் 31

இவரோட பேசியாச்சு. மெயில் வந்தாலும் வராட்டியும் 6ஆம் தேதி டிக்கெட். திரும்பி வர்றதை அப்புறம் பாத்துக்கலாம். பையன் அந்த டைரில 20வது வரிக்கு இடம் இருக்கான்னு கேக்கறான், இருக்குன்னு நெனைக்கிறேன்.

ஜனவரி 2

சூட்கேஸ் ஜிப்பு போயிடுச்சு. அண்ணன் போன எடுக்கல, அங்க ராத்திரி, தூங்கிட்டிருப்பான்.