சென்னையைச் சுற்றிவிட்டுத்தான் வீடு மாறினோம்

போன கோடையில் வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவை வடவள்ளிக்குக் குடிவந்தோம். கணவருக்கு வேலை மாற்றல். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. விஷயத்தைச் சொன்னதும் மகள் கேட்ட முதல் கேள்வி, "அங்க கடல் இருக்குமா?" இல்லை என்றோம். அழவில்லை, ஆனால் அன்று இரவு சாப்பிட்டு முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம்: வாரநாளில் மூட்டை கட்டுவது, ஞாயிறானால் ஊர் சுற்றுவது. "வீடு மாத்துற நேரத்துல சுத்தணுமாம்மா?" என்று மாமியார் போனில் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் கட்ட, ஒருவர் பார்த்துக்கொள்ள என்று வேலை நத்தை வேகத்தில்தான் போனது. ஆனாலும் அந்த ஞாயிறுகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு குழந்தைக்கு ஊரை விட்டுப் போகிறோம் என்பது வாயால் சொன்னால் புரியாது, கண்ணால் பார்த்து விடைபெற வேண்டும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூட்டின் முன்னால் இருவரும் வாயைப் பிளந்து நின்றார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கணவர் லீவு போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். வாசலில்தான் செவ்வாய் விடுமுறை என்று தெரிந்தது. அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம்தான் மறக்கவே முடியாதது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்ததால் விடியும் முன்பே கிளம்பி, எட்டு மணிக்குள் அர்ச்சுனன் தபசு பாறை முன்னால் இருந்தோம். யானைக்குப் பக்கத்தில், பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனையையும், அதன் காலடியில் விளையாடும் எலிகளையும் மகள் தானாகவே கண்டுபிடித்தாள். அவள் கையைத் தூக்கி அந்தப் பூனை மாதிரி நிற்க, மகனும் பார்த்து அதேபோல் நின்றான். பத்து மணிக்கெல்லாம் கல் தரையில் கால் வைக்க முடியவில்லை, திரும்பிவிட்டோம்.

காகித வேலைக்கு வருகிறேன், எங்களை அலைக்கழித்தது அதுதான். பள்ளியில் டிசி வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தோம். போதாது. பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் இணையத்தில், பழைய பள்ளி குழந்தையின் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எங்களுக்கு டிசி கையில் வந்து பத்து நாள் ஆகியும் அது நடக்கவில்லை. கோவைப் பள்ளியிலிருந்து போன் வந்த பிறகுதான் தெரிந்தது. டிசி வாங்கும்போதே அங்கேயே நின்று, "காமன் பூல்ல போட்டாச்சா?" என்று கேட்டு, எமிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கேஸ் எளிதாக முடிந்தது. வேறு ஊர் என்பதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் மாற்றல் சீட்டையும் வாங்கினோம். அதைக் காட்டித்தான் கோவையில் இணைப்பு எடுத்தோம். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே ஒப்படைத்ததால் அந்த மூன்று நாளும் இண்டக்‌ஷன் அடுப்புதான்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். வடவள்ளியில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத்தான் முதலில் தேடினேன். பெயிண்ட் அடிக்க எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்கினோம். வேளச்சேரியில் அது வாய்ப்பேச்சாகவே இருந்ததால் ஒரு மாத வாடகை போய்விட்டது.

சாமான் ஏற்ற மூன்று பேரிடம் விலை கேட்டோம். போனிலேயே விலை சொன்னவரை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பீரோவையும் கட்டிலையும் கண்ணால் பார்த்துக் கணக்குப் போட்டவரைப் பிடித்தோம். மற்றவர்கள் சாமானோடு சேர்த்து ஏற்றினால் விலை குறையும், ஆனால் வந்து சேர நான்கு நாள்கூட ஆகலாம் என்றார். குழந்தைகளை வைத்துக்கொண்டு அது முடியாது என்று தனி வண்டியே எடுத்தோம். இருந்தும் ஒன்றைக் கோட்டைவிட்டோம். வடவள்ளித் தெருவுக்குள் அந்த லாரி நுழையாது. முனையில் நிறுத்திக்கொண்டு, சின்ன வண்டி வைக்கத் தனியாகப் பணம் கேட்டார்கள். பேசிப் பேசிப் பாதி கொடுத்தோம். புது வீட்டுத் தெருவின் அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாத்திரங்களைப் பழைய காட்டன் புடவைகளில் சுற்றினேன், ஒன்றுகூட நசுங்கவில்லை. கிரைண்டரிலிருந்து குழவிக் கல்லை எடுத்துத் தனியாகக் கட்டினோம். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் துடைத்து வைத்தோம். இங்கே வந்ததும் சில மணி நேரம் நிமிர்ந்து நிற்கவிட்ட பிறகுதான் ஸ்விட்ச் போட்டோம். தோசைக்கல்லை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. ஒன்பது வருஷம் பழகிய கல். செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டு, ரயிலில் என் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

கடைசி ஞாயிறு பெசன்ட் நகர். விடிகாலையில் போய், வெயில் ஏறும்வரை அலையில் நின்றார்கள். மகள் ஊறுகாய் பாட்டில் நிறைய சிப்பி பொறுக்கினாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே ஸ்கெட்ச் பேனாவால் 'கடல்' என்று எழுதி, டேப்பை அவளே ஒட்டினாள்.

வைகாசி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினோம். உப்பும் மஞ்சளும் குத்துவிளக்கும் மாமியார் கையால் முதலில் உள்ளே போயின. அன்று இரவு படுக்கத் தேவையான பாய், தலையணை, குழந்தை மருந்து, பால் பவுடர், ஒரு பல்பு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தோம். கட்டிய அத்தனை பெட்டியிலும் எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் கழித்து மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டிக்குப் போனோம். டிக்கெட் கிடைப்பது கஷ்டம், வேளச்சேரியிலிருக்கும்போதே எடுத்து வைத்திருந்தோம். காலை 7.10க்குப் புறப்படும். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, முன் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு மலை நேராகத் தெரிகிறது. குகை வரும்போதெல்லாம் பெட்டி முழுக்கக் கத்தினார்கள், எங்கள் வீட்டு இருவரும் எல்லோரையும்விட உரக்க.

இப்போது எல்லாப் பெட்டியும் பிரித்தாகிவிட்டது, 'கடல்' தவிர. புது ஸ்நேகிதி வீட்டுக்கு வருகிற அன்றைக்குத்தான் அதைப் பிரிப்பாளாம். வர்ற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.