யாரா ஆற்றங்கரையில் ஒரு போக்கர் மேசை

12 ஜூலை 2024, வெள்ளி

வேலை முடிந்ததும் அத்தான் நேரே மெல்பேர்ணின் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார். அங்கிருந்து யாரா ஆற்றைக் கடந்தால் கிரௌன் கசினோ. 1994இல் தற்காலிக இடமொன்றில் தொடங்கி, 1997 மே மாதம் தென்கரையின் இந்தப் பெரிய கட்டடத்துக்கு வந்ததாம். ஆற்றோரக் கற்தூண்களின் உச்சியிலிருந்து நெருப்புப் பந்துகள் கிளம்பியபோது குளிரில் விறைத்திருந்த முகத்தில் சூடு பட்டது.

போக்கர் சீட்டாட்ட அறைக்குச் சூதாட்ட இயந்திரங்களின் வரிசைகளைத் தாண்டித்தான் போனோம். திரும்பும்வரை என் மனம் அங்கேயே நின்றது. ஒரு மூதாட்டி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே விரலால் பொத்தானை அழுத்தியபடி இருந்தார். பக்கத்தில் இருப்பவரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்ற டிசம்பரிலிருந்து இங்கே தனக்கென எடுத்த அட்டையைச் செருகி, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று முன்கூட்டியே எல்லை வைத்த பிறகுதான் இயந்திரத்தில் ஆட முடியும். இந்த மாற்றம் சும்மா வந்துவிடவில்லை. 2021இல் ரே ஃபிங்கெல்ஸ்டைன் தலைமையிலான விசாரணை ஆணைக்குழு, இந்த கசினோ உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றது என்று கண்டது. 24 மணி நேரத்துக்கும் மேலாக இடைவெளியின்றி ஆடியவர்களைக்கூடத் தடுக்கவில்லை என்பது உட்படப் பல தவறுகளுக்காக 2022 நவம்பரில் 12 கோடி டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. உரிமத்தைத் தொடரலாம் என்ற முடிவு இந்த ஆண்டு மார்ச்சில்தான் வந்தது.

13 ஜூலை, சனி

இன்று நானும் ஆடினேன். வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்துவிட்டு இடம் காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் அத்தான் ஆட்டத்தைச் சொல்லித்தந்தார். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு நடுவில் குவிந்த பணம். இங்கே கசினோ ஆடுவதில்லை. சீட்டைப் போட்டுவிட்டு, குவியும் பணத்திலிருந்து சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. நான் வென்றால் அது எதிரில் இருப்பவரின் பணம். அவர் முகத்தைப் பார்த்தபடிதான் அதை எடுக்க வேண்டும். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

யாழ்ப்பாணத்தில் முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவனுக்கு மேசையைப் படிப்பது புதிதல்ல. அங்கே ஒளித்துவைத்த துரும்பை ஊகிக்கிறோம். இங்கே இரண்டு சீட்டை. ஆனால் அங்கே கூட்டாளி உண்டு, இங்கே தனி.

ஒரு கை மட்டும் எழுதிவைக்கிறேன். என்னிடம் ஸ்பேடில் ஏஸும் ராணியும். நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்தபோது ஸ்பேட் ராஜா, ஸ்பேட் எட்டு, டயமண்ட் மூன்று. இன்னொரு ஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே இனம், வலுவான கை. 60 டொலர் குவிந்திருந்தது. எதிரில் இருந்த பெரியவர் கையில் எஞ்சிய 40 டொலரையும் தள்ளி 'ஆல்-இன்' என்றார். 100ஐ வெல்ல நான் 40 போட வேண்டும். பத்தில் மூன்று தடவை வென்றாலே நட்டமில்லை. இன்னும் ஒன்பது ஸ்பேட் வெளியே இருக்க, இரண்டு சீட்டு வரவேண்டியிருக்க, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு. போட்டேன். ஒரு ஸ்பேடும் வரவில்லை. அவரிடம் ராஜா சோடி. பணத்தை அடுக்கிக்கொண்டே என் பெயரையும் ஊரையும் கேட்டார். அடுத்த அரை மணி நேரம் அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அதே கை நாளை வந்தாலும் அந்த 40ஐப் போடுவேன்.

14 ஜூலை, ஞாயிறு

லாஸ் வேகாஸில் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி இப்போது நடக்கிறது. 10,112 பேர் சேர்ந்திருக்கிறார்கள். இதுவரை இத்தனை பேர் சேர்ந்ததில்லை. மெல்பேர்ணில் அந்தப் பேச்சு வந்தால் ஜோ ஹஷேமின் பெயர் வராமல் இராது. லெபனானில் பிறந்து இந்த நகரத்தில் வளர்ந்தவர். முதுகெலும்பு, மூட்டு சிகிச்சை செய்துவந்தவர். கைகளில் வந்த இரத்த நாள நோயால் அந்தத் தொழிலை விட நேர்ந்தது. 2005இல் 5,619 பேர் ஆடிய அந்தப் போட்டியில் முதலாவதாக வந்து 75 இலட்சம் அமெரிக்க டொலர் வென்றார். கடைசிக் கையில் அவரிடம் இருந்தது ஏழும் மூன்றும். யாரும் தூக்கி எறியும் சீட்டு. நடுவில் ஆறு, ஐந்து, நான்கு விழுந்தன, மூன்றிலிருந்து ஏழு வரை ஒரே தொடர்! அத்தான் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் மேசையில் விரலால் தட்டிக் காட்டுகிறார்.

எனக்கும் சிலிர்க்கிறதுதான். ஆனாலும் அந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டொலர், பரிசு 560 பேருக்கு மட்டும். மீதி ஐயாயிரத்துச் சொச்சம் பேரின் கதையை எவரும் விரலால் தட்டிக் காட்டுவதில்லை.

16 ஜூலை, செவ்வாய்

அத்தானின் கணக்குக் கொப்பியைப் பார்த்தேன். திகதி, வந்த நேரம், போன நேரம், கொண்டுபோனது, கொண்டுவந்தது. மாதக் கடைசியில் வீட்டுச் செலவோடு சேர்த்து அக்கா அதைக் கூட்டுகிறாள். இந்த ஆண்டு இதுவரை நட்டம்தான், பெரிதில்லை. "நல்லாய் ஆடினாலும் கசினோவின் பங்கு முதலில் போய்விடும், தம்பி. அதையும் தாண்டி வெல்கிறவர்கள் கொஞ்சப் பேர்" என்றார். கொப்பியில் எழுத வெட்கப்படும் நாள் வந்தால் நிறுத்திவிடுவேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அந்த வாக்கை நான் நம்புகிறேன்.

மாலையில் அக்காவுடன் கடைக்குப் போகும் வழியில் ஒரு மதுவிடுதி. உள்ளே அதே இயந்திரங்கள். கசினோவில் 2,628 இயந்திரங்களுக்கு அனுமதி. விக்டோரியா மாநிலத்தின் மதுவிடுதிகளிலும் கழகங்களிலும் அதைப்போல் சுமார் பத்து மடங்கு. அங்கெல்லாம் கட்டாய அட்டை இன்னும் வரவில்லை. கொண்டுவருவோம் என்று அரசு சென்ற ஆண்டு ஜூலையில் அறிவித்தது, ஓராண்டாகிவிட்டது. ஆற்றங்கரைக்குப் போக ரயில் ஏற வேண்டும். இது பால் வாங்கும் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் இங்கேதான் வந்திருக்க வேண்டும் அந்த அட்டை.

வெள்ளிக்கிழமை அத்தான் மறுபடியும் போகிறார். நானும் போகிறேன். 100 டொலர், இரவு பதினொரு மணி என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.